முதல் நாளே நூறு பந்து

சுதர்ஷினி சீப்பை இடது கைக்கு மாற்றியதை அழகமுத்து பார்த்துவிட்டான். மகளை உட்காரவைத்து வலது கையைத் தூக்கச் சொன்னான். தோளுக்கு மேல் போகவில்லை.

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. பரீட்சையும் லீவுமாக மூன்று மாதம் பந்தைத் தொடாமல் கிடந்த பிள்ளையை, பாடசாலை திறந்த முதல் நாளே முழு வேகத்தில் நூறு பந்து எறிய வைத்திருக்கிறார் பேஸ்போல் மாஸ்டர் நிரூபன். மறுநாளும் நூறு. போட்டிக்கு மூன்று வாரந்தான் இருக்கிறதாம்.

அழகமுத்து தம்புள்ளைச் சந்தையில் மூட்டை தூக்குகிற நாட்டாமி. பொங்கலுக்குப் போய்த் திரும்புகிறவன் எவனானாலும் முதல் வாரம் இலேசான கறிமிளகாய்ப் பைதான். அப்புறந்தான் கிழங்கு மூட்டை. இருபது வருடம் தூக்கியவனுக்கும் அதே சட்டம். கையெழுத்துப் போடத் தெரியாதவனுக்குத் தெரிந்தது இந்தப் படித்த மனுசனுக்குத் தெரியவில்லை.

கை வலிக்கிறதென்று மூன்று நாளாகச் சொன்னவளுக்குத் தைலம் தேய்த்து, போகப் போகச் சரியாகும் என்று அனுப்பியவனும் அழகமுத்துதான். தன்மேல் வந்த அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

ஆஸ்பத்திரியில் தசைநார் வீங்கியிருப்பதாகச் சொன்னார்கள். ஆறு வாரம் எறியக் கூடாது, இன்னும் எறிந்தால் கிழியும் என்றார்கள். டாக்டர் எழுதிய துண்டை வாங்கிக்கொண்டு மகளோடு நேரே மைதானத்துக்குப் போனான்.

மாஸ்டர் துண்டை வாசித்தார். "நோகாமல் கை உரப்படாது அண்ணை. ஏலாதெண்டால் கூட்டிக்கொண்டு போங்கோ. எனக்கு வேற ஆள் இருக்கு."

சுதர்ஷினி தான் எறிவதாக அழுதாள். அவளை இழுத்துக்கொண்டு கேற் வரை வந்துவிட்டான். திரும்பிப் பார்த்தால், மாஸ்டர் அதே அணியில் இருந்த லக்ஷிகாவைக் கூப்பிட்டு எறியும் மேட்டில் நிறுத்திக்கொண்டிருந்தார். இரத்தோட்டை பஸ்ஸிலிருந்து அப்போதுதான் இறங்கிய பிள்ளை. பதின்மூன்று வயது இருக்கும். ஒரு ஓட்டமில்லை, தோளைச் சுழற்றவில்லை, கிட்ட நின்று மெதுவாக நாலு பந்துகூட எறியவில்லை.

அழகமுத்து திரும்பி நடந்தான். லக்ஷிகாவை விலகச் சொல்லிவிட்டு, மேட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

அதிபரைக் கூப்பிடப்போவதாக மாஸ்டர் சத்தம் போட்டார்.

"கூப்பிடுங்க மாஸ்டர். லீவு முடிஞ்சு வந்த மொத நாளு எங்க முதலாளிகூட எனக்குக் கெழங்கு மூட்ட தரமாட்டாரு. அவரு ஒண்ணும் நல்லவரு இல்ல. நான் படுத்துட்டா லொறி நின்னுரும்னு அவருக்குத் தெரியும். ஒங்களுக்கு அந்தக் கணக்குகூடத் தெரியலயே."

கேற்றடியில் சுதர்ஷினி முகத்தை மூடிக்கொண்டாள். லக்ஷிகா பந்தை மாஸ்டரிடமே திருப்பிக் கொடுத்தாள். அவர் அதைக் கையில் உருட்டிக்கொண்டே யாரையும் பாராமல், எல்லோரையும் மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்னார்.

அழகமுத்து எழும்பவில்லை. ஒரு சுற்று ஓடினதும் மறுபடி பந்தைக் கொடுப்பாரோ என்னவோ. அதையும் பார்த்துவிட்டே போவதென்று உட்கார்ந்திருந்தான்.