கம்பியால் ஒரு சிறுமி

எழுந்ததும் மோட்டாரைப் போட்டான். மேல் தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்கும்வரை பல் தேய்த்தான். கொடியில் கிடந்த துணிகளை எடுத்து மடித்தான். தன்னுடையதை ஒரு பக்கம், மனைவியுடையதை ஒரு பக்கம். சவரம் செய்தான். மோவாயில் சின்னதாக ஒரு வெட்டு. பிறகு முன்னறை நாற்காலிகளை ஒவ்வொன்றாகச் சுவரோரம் நகர்த்தினான். பத்து மணிவாக்கில் ஆஸ்பத்திரியிலிருந்து அவள் உடலைக் கொண்டுவருவார்கள். நடுவில் இடம் வேண்டும்.

கடைசி நாற்காலி கையில் இருக்கும்போது மைத்துனன் உள்ளே வந்தான். அவளுடைய அண்ணன், லாரி ஓட்டுகிறவன். ஆஸ்பத்திரி வராந்தாவில் விழித்துக் கிடந்த கண்கள். பின்னாலேயே மாமியார், சுவரைப் பிடித்தபடி.

"வாங்க மச்சான்."

பதிலாகக் கன்னத்தில் அறை விழுந்தது. நாற்காலி ஒரு பக்கம் போனது, அவன் ஒரு பக்கம் போனான்.

"டாக்டர் கேக்குறாருடா என்னைய. ஸ்டூல்லேர்ந்து விழுந்தா மண்டை உடையும், சரி. புஜத்துல அஞ்சு விரல் எப்படிப் பதியும்னு கேக்குறாரு. என்ன பதில் சொல்ல நான்?"

அவன் எழுந்தான். சொல்ல வாயெடுப்பதற்குள் மைத்துனன் அவள் போனை அவன் மூக்குக்கு நேரே நீட்டினான். அவளுடைய பொருள்களை ஆஸ்பத்திரியில் அண்ணன் கையில்தான் கொடுத்திருந்தார்கள்.

திரையில் இதே முன்னறையில் எடுத்த வீடியோ ஓடியது. அவன் அவள் புஜத்தைப் பிடித்து இழுக்கிறான். அறைகிறான். அவள் சுவரில் மோதிச் சரிகிறாள். சத்தமே இல்லை. அடுத்ததிலும் அதேதான். அதற்கடுத்ததிலும்.

"இதுவும் ஸ்டூல்தானா?"

"அது படத்துக்காக, மச்சான்."

"எந்தப் படம்? யாரு ஹீரோ, நீயா? தண்ணி வாரியத்துல பைப்பைத் தொறந்து மூடுற நாயி!"

அவள் படம் எடுத்துக்கொண்டிருந்தது உண்மை. அவளுடைய முதல் படம். உள்ளறை இரும்பு மேசைமேல் மூன்று பொம்மைகள்: ஆண், பெண், சிறுமி. அலுமினியக் கம்பியை இரட்டையாக மடித்து டிரில்லில் மாட்டி அவன்தான் முறுக்கிக் கொடுத்தான், அதுதான் எலும்பு. எலும்புக்குமேல் பஞ்சு, பஞ்சுக்குமேல் ரப்பர் பால் பூசிய தோல். பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்தி ஒவ்வொரு அசைவையும் போட்டோ எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் அதே அசைவை மனித உடம்பு செய்து காட்ட வேண்டும் என்பாள்.

"பொம்மை பொம்மையாட்டம் விழுந்தா எவன் பாப்பான்? மனுஷி மாதிரி விழணும். அடி."

அவன் அடித்தால் சிரிப்பாள். "என்ன, தூசி தட்டுறியா? அடின்னா அடிக்கணும்." ஒரு நாள் நிஜமாகவே அடித்துவிட்டான். கன்னம் சிவந்து போய் எழுந்தவள், "இது! இதுதான்!" என்று கேமராவைப் பார்க்க ஓடினாள். அசைவை மட்டும் பார்க்க வேண்டும் என்று சத்தத்தை நீக்கிவிட்டுத்தான் வைப்பாள்.

இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் அது யாருடைய கதை என்ற கேள்வி வரும். அந்தக் கதைக்கு உரியவர் அதோ சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "எங்கம்மாவுக்கு மட்டும் தெரியவே கூடாது. படம் முடியட்டும், நானே பக்கத்துல உக்காந்து சொல்றேன்" என்று அவள் சத்தியம் வாங்கியிருந்தாள். படம் முடியவில்லை. விளக்கை உயரமாகக் கட்ட ஸ்டூலில் ஏறியவள், அந்த மேசை விளிம்பில் தலை மோதி விழுந்தாள். அவன் வேலையில் இருந்தான்.

"வாயைத் தொறடா!"

வயிற்றில் முழங்கால் இறங்கியது. உதடு பல்லில் கிழிந்தது. விழுந்தான். முதலில் முழங்கை தரையைத் தொட்டது, பிறகு தோள், கடைசியாகத் தலை. அவள் படம் படமாக நிறுத்திப் பார்த்துக் கண்டுபிடித்த வரிசை சரிதான் என்று தோன்றியது. வலி எங்கேயோ பக்கத்து வீட்டில் நடப்பதுபோல இருந்தது.

"அவ உடம்பு இங்க இறங்காது. எங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். வழியில உன் மூஞ்சி தெரிஞ்சுது, லாரிய ஏத்திருவேன்."

"வேண்டாம் மச்சான்" என்றான், தரையிலிருந்தே. "கூட வரேன். தள்ளி நின்னுக்குறேன். வரேன்."

அதைக் கேட்டதும் மைத்துனனுக்குக் கோபம் இன்னும் ஏறியது. போனை வீசிவிட்டு உள்ளறைக்குள் பாய்ந்தான். பொம்மைகள் சாயாமலிருக்கப் பாதங்களை மேசையோடு திருகாணி போட்டு முடுக்கியிருந்தாள். ஆண் பொம்மையைப் பிடுங்கினான். பாதங்கள் மேசையிலேயே நின்றுவிட்டன. பெண் பொம்மையைச் சுவரில் அடித்தான். சிறுமியின் கையைப் பிடித்து இழுத்தான். தோல் கிழிந்து முழங்கையில் கம்பி வெளியே வந்தது.

"டேய்."

மாமியாரின் குரல். போன் அவர் கையில் இருந்தது. திரையைக் கண்ணருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க வா."

"நீ எதுக்கும்மா அதைப் பாக்குற? குடு."

"வாட்ச்சக் கழட்டுறாரு."

"என்னது?"

"அடிக்கிறதுக்கு முன்னாடி வாட்ச்சக் கழட்டுறாரு. மாப்பிள்ளை வாட்ச் கட்டி நீ என்னைக்காவது பாத்திருக்கியா?"

மைத்துனன் வந்து எட்டிப் பார்த்தான். திரையில் அவன் வாட்ச்சைக் கழற்றினான். குனிந்து, இடுப்பு உயரத்தில், யாருமே இல்லாத இடத்தில் அதை நீட்டினான். ஒரு கணம் பொறுத்தான், யாரோ வாங்கிக்கொள்வதற்கு. பிறகு அறைந்தான். சரிந்தவள் இடது உள்ளங்கையால் இடது காதைப் பொத்திக்கொண்டாள்.

மாமியாரின் இடது கை அவர் காதுக்குப் போயிருந்தது. அந்தக் காது கேட்காமல் போய் வருஷக்கணக்காகிறது. கேட்காமல் செய்தவர் செத்தும் ஆயிற்று.

"நீ மாடிக்கு ஓடிருவ" என்றார் மகனிடம், திட்டுவதுபோல் இல்லாமல். "உன்னைக் குத்தம் சொல்லல. சின்னவளுக்கு ஓடத் தெரியாது. அடிக்கிறதுக்கு முன்னாடி வாட்ச்ச அவகிட்டதான் குடுப்பாரு உங்கப்பா. கீழ போட்டா நமக்கும் விழும்னு, ரெண்டு கையாலயும் இப்படி ஏந்திட்டு நிப்பா. முடியிற வரைக்கும்."

பிறகு மருமகனைப் பார்த்தார். "சொல்ல வேண்டியதுதானே தம்பி?"

"அவ உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு சொல்லிட்டா, அத்தை."

"எனக்கா?" என்றார். ஏதோ வேடிக்கையானதைக் கேட்டதுபோல உதடு ஒரு பக்கம் இழுத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

மைத்துனன் கையில் சிறுமி பொம்மை இன்னும் இருந்தது. தலையில் முடி வைக்கவில்லை. கண் வைக்கவில்லை. கைகள் மட்டும் முடிந்திருந்தன. உள்ளங்கை மேல்நோக்கி, விரல்கள் லேசாக மடங்கி. வெளியே வந்த கம்பியை உள்ளே தள்ளப் பார்த்தான். லாரி ஸ்டியரிங் பிடிக்கிற விரல்களுக்கு அது அடங்கவில்லை. கம்பி அவன் கட்டைவிரலில் ஏறியது. ரத்தம் வந்ததை அவன் கவனிக்கவில்லை.

வாசலில் வண்டி பின்னோக்கி வரும் சத்தம் கேட்டது. யாரோ "இன்னும் வரலாம், இன்னும் வரலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மைத்துனன் பொம்மையை நாற்காலியில் வைத்தான். தரையில் கிடந்தவனுக்குக் கை நீட்டினான். எழுப்பி நிறுத்தினான். சட்டையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டான், கொஞ்சம் பலமாகவே.

"தலைமாட்டுல நீ பிடி" என்றான். "நான் கால் பக்கம் பிடிச்சுக்குறேன்."

"சரி."

வாசல்படியில் மைத்துனன் நின்றான். திரும்பவில்லை.

"அன்னைக்குக் கடைசியா என்ன சொன்னா? எங்களப் பத்தி... என்னைப் பத்தி ஏதாவது?"

அவன் உதட்டைப் புறங்கையால் துடைத்தான். பெரிதாக ஒன்றைச் சொல்லிவிடலாம். கேட்கிறவனும் அதைத்தான் எதிர்பார்த்து நிற்கிறான். ஆனால் சாப்பாட்டுப் பையோடு அவன் கிளம்பியபோது அவள் நிமிரக்கூட இல்லை. பிரஷ் நுனியால் சிறுமியின் உள்ளங்கையில் ரப்பர் பாலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"'கதவ மெதுவா சாத்து. கை இன்னும் காயல.'"