ஆர்விட் பேரில் இருந்த ரேடியோ

வெர்னா தோர்சன் அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவே இல்லை.

அவள் கணவர் ஆர்விட் இறந்தது அக்டோபரில். அதற்குப் பிறகு மார்ச்சும் வந்துவிட்டது. "ஆர்விட் இல்லாத இந்தக் குளிர்காலத்துல" என்பாள். "அந்த விஷயத்துக்கு அப்புறம்" என்பாள். இறந்துவிட்டார் என்று அவள் வாயால் யாரும் கேட்டதில்லை. சர்ச்சில் அடக்கத்தன்றுகூடக் கை கொடுத்தவர்களிடம், "வந்ததுக்கு நன்றி, கீழ காபி இருக்கு" என்றுதான் சொல்லிக்கொண்டு நின்றாள். நான் பக்கத்துப் பண்ணைக்காரி, ஓபல். நாற்பது வருஷமாக அவளோடு காபி குடிக்கிறேன். நானும் கேட்கவில்லை. வடக்கு டகோட்டாவில் எங்கள் பக்கத்து ஆட்கள் ஒருவர் மனதை ஒருவர் தோண்டிப் பார்ப்பதில்லை.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அப்புறம் நடந்தது உங்களுக்குப் புரியாது. இங்கே கணவன் போன பிறகும் டெலிபோன் அவர் பேரிலேயே இருக்கும். நாம் எடுக்காவிட்டால் பதில் பேசும் மெஷினிலும் அவர் குரலே இருக்கும். அக்கம்பக்கம் இல்லாத பண்ணை வீட்டில் ஒரு கிழவி தனியாக இருக்கிறாள் என்று முகம் தெரியாதவனுக்கு எதற்குத் தெரிய வேண்டும்? யார் ஃபோனில் கேட்டாலும், "வெளியில கொட்டகையில இருக்காரு" என்று சொல்லிவிடுவோம். அதைப் பொய் என்று எங்களில் ஒருத்தியும் நினைத்தது கிடையாது.

இனி ரேடியோவுக்கு வருகிறேன்.

வெர்னாவிடம் ஒரு கெடிலாக் கார் இருந்தது. ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவரிடமிருந்து வாங்கியது, இருபது வருஷத்துக்கு மேல் பழசு. பாலாடை நிறம், தோல் இருக்கை, உள்ளே டாஷ்போர்டு முழுக்கப் பளபளவென்று மரத்தகடு. கேசட் போடும் வாய் உண்டு. சாட்டிலைட் ரேடியோ என்ற ஒன்று பிறப்பதற்கு முன்னால் செய்த வண்டி. கண் ஊசிக்காக அவள் மாதம் ஒருமுறை பிஸ்மார்க் நகரத்துக்குப் போக வேண்டும், இரண்டு மணி நேர ஓட்டம். பாதி வழியில், மேடு தாண்டியதும் சாதாரண ரேடியோவெல்லாம் கரகரத்துச் செத்துப்போகும். அதற்கப்புறம் சக்கரச் சத்தமும் காற்றும்தான். அந்த ஒரு மணி நேரம்தான் தனக்கு ஆகவில்லை என்று என்னிடம் சொன்னாள்.

ஆர்விட்டின் பிக்அப் டிரக்கில் ஒரு சாட்டிலைட் ரேடியோ இருந்தது. உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டி. அது புதிதாக வந்த காலத்தில், ஒரே தடவை கட்டினால் ஆயுசுக்கும் பாடும் என்று கம்பெனிக்காரர்கள் சொல்ல, அவர் ஆசையாக வாங்கி மாட்டினார். ஆயுசு என்றால் கணக்கு யார் பேரில் இருக்கிறதோ அவருடைய ஆயுசு. தெற்கு வயலோரம் அவரைக் கண்டுபிடித்தபோது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெட்டியும் பாடிக்கொண்டிருந்தது. பிக்அப்பை ஓட்டி வந்து கொட்டகையில் விட்டார்கள். அப்புறம் அதை யாரும் தொடவில்லை.

பெட்டியைக் கழற்றிக் காரில் மாட்ட லைல் வந்தான். ஐம்பது வயதிருக்கும், டிராக்டரில் இருந்து படகு வரைக்கும் எல்லாவற்றுக்கும் பாட்டுப் பெட்டி மாட்டுகிறவன். வாயும் சும்மா இருக்காது.

"இருபது வருஷம் கழிச்சு ராணிக்குக் காது குத்தப் போறோம்," என்றான், பிளாஸ்டிக் ஆப்பை மரத்தகட்டு இடுக்கில் மெதுவாக விட்டுக்கொண்டே. "கத்திட்டான்னா என்னைத் திட்டக் கூடாது, வெர்னா."

"ஒரு கீறல் விழுந்துச்சு, உன்னை அந்த டிக்கியில போட்டுப் பூட்டிடுவேன்."

"அதுல ரெண்டு பேரு தாராளமாப் படுக்கலாம். ஓபலையும் துணைக்குப் போடுங்க."

"எனக்கு உன் குறட்டை ஆகாது," என்றேன்.

பிஸ்கட் மாதிரி ஒரு ஆன்டெனா. அடியில் காந்தம். அதை டிக்கி மூடிமேல் வைத்து, ஒயரை ரப்பர் விளிம்புக்குள் திணித்து, கம்பளத்துக்கு அடியில் முன்னால் கொண்டுவந்தான். கேசட் மாதிரியே ஒன்று இருக்கிறது, வாலில் ஒயரோடு. அதைக் கேசட் வாயில் தள்ளினான். வண்டி அதைப் பழைய பாட்டு கேசட் என்று நம்பி விழுங்கிக்கொண்டது. பெட்டியில் விளக்கு எரிந்தது. பாட்டு வரவில்லை.

"அஞ்சு மாசமாச் சும்மா கெடந்துச்சில்ல, தூங்கிப்போச்சு," என்றான் லைல். "கம்பெனிக்கு ஃபோன் போடுங்க. மேல இருந்து சிக்னல் அனுப்பி எழுப்பிவிடுவான். நான் வண்டிய தெக்குப் பார்த்து வெளிய நிறுத்துறேன்."

முற்றத்தில் பனி முழங்கால் உயரம். வானம் துடைத்துவிட்டது போல் நீலம். மத்தியானம் இரண்டு மணி இருக்கும். மூன்று பேரும் காருக்குள் உட்கார்ந்தோம். வெர்னா ஃபோனின் ஸ்பீக்கரைப் போட்டாள். கம்பெனியில் ஒரு பெண் எடுத்தாள். மரிசெல் என்று பேர் சொன்னாள். குரலில் எங்கேயோ ஒரு வெயில் ஊர்.

"கணக்கு மிஸ்டர் ஆர்விட் தோர்சன் பேருல இருக்கு, மேடம். அவரு பக்கத்துல இருக்காரா?"

நான் வெர்னாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. பழக்கம் வாயில் தயாராக இருந்தது.

"இருக்காரு," என்றாள் வெர்னா.

"அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கணும், மேடம். ரேடியோவை வேற வண்டிக்கு மாத்துறதால."

வெர்னா லைலைப் பார்த்தாள். லைல் என்னைப் பார்த்தான். பிறகு தொண்டையைச் செருமி, ஆர்விட்டைப் போலவே மூக்கால் இழுத்து, "யா, ஆர்விட்தான் பேசுறேன்" என்றான். அச்சு அசல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"வணக்கம், சார். பாதுகாப்புக்கு ஒரே ஒரு கேள்வி. நீங்க முதல்முதலா வளர்த்த நாயோட பேரு என்ன?"

லைலின் வாய் திறந்தபடி நின்றது. வெர்னா தலையை ஆட்டினாள், அவளுக்கும் தெரியாது. ஆர்விட் சின்ன வயதில் நாய் வளர்த்ததையே அவர் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. காருக்குள் யாரும் பேசவில்லை. மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை.

"நன்றி, சார். சரியா இருக்கு," என்றாள் மரிசெல்.

லைல் உதட்டை மூடினான். ஃபோன் வெர்னாவின் மடியில் கிடந்தது.

"என்ன சார்?" என்றாள் மரிசெல். கொஞ்சம் நிறுத்தினாள். சிரித்தாள். "ஆமா சார், இங்க எப்பவும் வெயில்தான். அங்க அவ்வளவு குளிரா? போர்த்திக்கிட்டு இருங்க. இப்ப சிக்னல் அனுப்புறேன்."

லைன் துண்டானது. ஒரு நிமிஷம் கழித்து அக்கார்டியன் இசை காரை நிரப்பியது. ஆர்விட் எப்போதும் வைத்திருந்த அதே போல்கா நடனப் பாட்டு அலைவரிசை.

"பெட்டிக்கு ஞாபகம் இருக்கும்," என்றான் லைல். "கடைசியா எதைக் கேட்டாங்களோ அதுல போய் நிக்கும். அதுல ஒண்ணுமில்ல." நாயைப் பற்றி அவன் பேசவில்லை. ஊற்றிக் கொடுத்த காபியைத் தொடாமல், ருபார்ப் கேக்கைக்கூடத் தொடாமல் புறப்பட்டுப் போனான். லைல் கேக்கை வேண்டாம் என்று சொன்னது அன்று ஒரு நாள்தான்.

வெர்னா என்னிடம், "லைன்ல ஏதோ குறுக்க கேட்டிருக்கும்" என்றாள். நான், "இருக்கும்" என்றேன்.

ஒன்பது நாள் போனது. காலை காபிக்கு நான் அவள் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். ஃபோன் அடித்தது. கை மாவாக இருந்ததால் அவள் ஸ்பீக்கரைத் தட்டினாள். கம்பெனியிலிருந்து ஒரு ஆண். டெரன்ஸ் என்று சொன்னான். மிகவும் மரியாதையான பையன்.

"மிஸ்டர் தோர்சன் இந்த வாரம் மூணு தடவை எங்களைக் கூப்பிட்டிருக்காரு, மேடம். அவரு பிரச்சினை தீர்ந்துச்சான்னு கேக்கத்தான் ஃபோன் பண்றேன்."

வெர்னா மாவுக் கையைத் தூக்கியபடியே நின்றாள். "என்ன பிரச்சினை?"

"ரேடியோவைத் திரும்பப் பிக்அப்லயே வைக்கணும்னு சொல்றாரு. 'அது நீங்கதான் ஒயரைக் கழட்டி மாட்டணும் சார், எங்களால இங்கேருந்து முடியாது'ன்னு அவருகிட்ட சொல்லியிருக்கோம்." ஏதோ காகிதத்தைப் படிக்கிற மாதிரி இழுத்தான். "இங்க குறிப்புல இருக்கு. 'வண்டிக்குள்ளயே உக்காந்திருக்காராம். ஹீட்டர் ஓடலையாம். கேக்கறதுக்கும் ஒண்ணும் இல்லையாம். மனைவி வருவாங்கன்னு காத்திருக்காராம்.' அவ்வளவுதான் எழுதியிருக்காங்க, மேடம்."

"எந்த நம்பர்லேருந்து கூப்பிட்டாரு?" என்று நான்தான் கேட்டேன்.

"இதே நம்பர்தான், மேடம்."

வெர்னா கையைக்கூடக் கழுவவில்லை. சட்டைமேல் கோட்டை மாட்டி, ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். என் வயதில் ஓட்டம் என்றால் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

கொட்டகைக் கதவை நான்தான் தள்ளினேன். பலகை இடுக்குகளில் வெயில் கோடு கோடாக விழுந்திருந்தது. பிக்அப் விட்ட இடத்திலேயே நின்றது. முன்கண்ணாடியில் தூசி. என் பக்கத்துக் கண்ணாடியிலும் தூசி, அதன் வழியே உள்ளே பார்க்க முடிந்தது. இருக்கை காலி. அவருடைய விதைக் கம்பெனித் தொப்பி டாஷ்போர்டில் கிடந்தது. ரேடியோ இருந்த இடத்தில் நான்கு திருகாணி ஓட்டை.

வெர்னா ஓட்டுநர் பக்கம் போய் நின்றாள். "ஓபல்," என்றாள்.

நான் சுற்றிப் போனேன். அந்த ஒரு கண்ணாடி மட்டும் வெள்ளையாக இருந்தது. உறைபனி. வெளியிலிருந்து விரலால் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. உள்பக்கம் படிந்திருந்தது. குளிர்காலத்தில் வண்டிக்குள் வெகுநேரம் ஆள் உட்கார்ந்திருந்தால் மூச்சுப் பட்டுப் பட்டு அப்படிப் படியும். இந்தப் பக்கத்தில் அதை அறியாதவர் கிடையாது.

வெர்னா கதவைத் திறக்கவில்லை. கண்ணாடிமேல் மாவுக் கையை வைத்தாள். சற்று நேரம் கழித்து எடுத்தாள்.

"நான் இருக்காருன்னு சொன்னேன்," என்றாள். "அவரு நான் சொன்னா நம்புவாரு, ஓபல். நாப்பத்தெட்டு வருஷமா நான் சொன்னதை ஒரு தடவை கூட சரிபார்த்தது இல்ல."

"தெரியும்."

"இந்தக் குளிர்ல உக்காந்துட்டு இருக்காரு, நான் சொன்னேன்னு."

நான் அவள் தோளைப் பிடித்துக் காருக்கு அழைத்துப் போனேன். முற்றத்தில், திறந்த வானத்துக்குக் கீழே, தெற்குப் பார்த்து நின்றது அது. சாவியைத் திருப்பினாள். போல்கா ஓடத் தொடங்கியது. அதை நிறுத்தவில்லை, சத்தத்தை மட்டும் குறைத்தாள். ஃபோனில் கம்பெனி எண்ணைப் போட்டாள். மரிசெல்லும் டெரன்ஸும் இல்லை, வேறு ஒரு பெண், வயதானவள் போலிருந்தாள்.

"கணக்கை மூடணும்," என்றாள் வெர்னா.

"ஆயுசுக் கணக்கு, மேடம். மூடினா திரும்பக் கிடைக்காது. காரணம் கேக்கலாமா?"

வெர்னாவின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த அவள் விரல் நகங்களில் மாவு காய்ந்திருந்தது. நான் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். என்னால் முடியும். ஆனால் நான் சொல்லி என்ன பயன்? ஆர்விட் நம்புவது அவளைத்தானே.

"கணக்குக்காரர் ஒத்துக்கணும், மேடம்," என்றாள் அந்தப் பெண், எங்கள் மௌனத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு. "அவரு இப்ப லைன்லதான் இருக்காரு. நீங்களே அவருகிட்ட சொல்றீங்களா? நான் இருக்கேன்."

ஸ்பீக்கரில் ஒன்றும் கேட்கவில்லை. வெறும் திறந்த வெளியின் சத்தம். வயல்வெளியில் நின்றால் காதை அடைக்குமே, அது மாதிரி.

"ஆர்விட்," என்றாள் வெர்னா.

அக்கார்டியன் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது.

"ஆர்விட், நீ செத்துட்ட. அக்டோபர்ல. தெக்கு வயல்ல, வண்டியிலேயே. நெஞ்சு நின்னுபோச்சு. நான் அப்பவே உங்கிட்ட சொல்லியிருக்கணும். எனக்கு வாய் வரல." மூச்சை இழுத்துக்கொண்டாள். "நீ உக்காந்திருக்க வேண்டாம். நான் வரமாட்டேன், இப்போதைக்கு வரமாட்டேன். நீ போ."

டிக்கி மூடியின் மேல் பனித்துகள் காற்றில் உராய்கிற சத்தம் கேட்டது.

"மேடம்," என்றாள் அந்தப் பெண், தாழ்ந்த குரலில். "அவரு லைனை வெச்சுட்டாரு."

"ஏதாவது சொன்னாரா?"

"'சரி வெர்னா'ன்னு சொன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல." பிறகு, தன் வேலைக் குரலுக்குத் திரும்பி, "சிக்னல் நிக்கக் கொஞ்ச நேரம் ஆகும், மேடம். பதினஞ்சு நிமிஷம் வரைக்கும் ஆகலாம்."

நாங்கள் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். ஒரு பாட்டு முடிந்து இன்னொன்று தொடங்கியது. வெர்னா சத்தத்தைக் கூட்டினாள். மூன்றாவது பாட்டின் நடுவில், ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையில் அக்கார்டியன் நின்றுபோனது. பெட்டியில் விளக்கு மட்டும் எரிந்தது.

வெர்னா என் பக்கம் திரும்பினாள். முகம் நனைந்திருந்தது. நான் கேட்டிராத செய்தியை முதல்முதலாகச் சொல்கிற மாதிரி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"ஓபல், ஆர்விட் செத்துட்டாரு."

"ரொம்ப வருத்தமா இருக்கு, வெர்னா," என்றேன். ஐந்து மாதமாக நான் வைத்திருந்த வார்த்தை அது. அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் என் கோட்டில் முகத்தைப் புதைத்து, அடக்கத்தன்று அழாததையும் சேர்த்து அழுதாள்.