தினமும் நாலு

சாயங்காலம் ஏழு மணியானால் புதுப்பட்டினத்தில் உலகநாதன் வீட்டு டிவியின் சத்தம் குறைந்துவிடும். குறைப்பவர் உலகநாதன்தான். ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு, சீரியலில் மூழ்கிப்போனவர் மாதிரி பாவனை செய்தபடி, மகள் ஜெயப்பிரியாவின் கையிலிருக்கும் செல்போனையே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பார். போன் கூவும். செங்கல்பட்டு கிளினிக்கிலிருந்து எஸ்.எம்.எஸ். வந்திருக்கும். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்புவார்கள்: இன்னிக்கு எப்படி? ஒன்று முதல் ஐந்து வரை ஒரு எண் அனுப்பவும்.

அவள் கட்டைவிரலால் ஒரு எண்ணை அழுத்தி அனுப்பிவிட்டு, போனை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவாள். உடனே உலகநாதனுக்குத் தாகம் எடுக்கும். எழுந்துபோய் ஃப்ரிட்ஜைத் திறந்து தண்ணீர் குடிக்கிற சாக்கில் போனை எடுத்துப் பார்ப்பார். பார்த்துவிட்டு அடுக்களைப் பக்கம் திரும்பி மனைவி வேண்டாவுக்கு நாலு விரலைக் காட்டுவார். அவள் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். இந்த நாடகம் அந்தச் சின்ன வீட்டில் யாருக்கும் தெரியாமல் நடப்பதாக இரண்டு பேரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் அது. ஜெயப்பிரியாவுக்கு வயது இருபது. அதற்கு முந்தைய வருஷம், எஞ்சினியரிங் இரண்டாம் ஆண்டில், பரீட்சைக்கு முன்னால் அவளுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. பிறகு தூக்கம் போயிற்று, சோறு போயிற்று, கடைசியில் பேச்சும் போயிற்று. ஹாஸ்டலிலிருந்து கூட்டிவந்தபோது சுவரைப் பார்த்துப் படுத்தவள் மாசக்கணக்கில் அப்படியே கிடந்தாள். படாளத்தில் நெல் அறுத்துக்கொண்டிருந்த குடும்பத்திலிருந்து முதல்முதலாகச் சர்க்கார் சம்பளத்துக்கு வந்தவர் உலகநாதன். அவர் வம்சத்தில் முதல் எஞ்சினியர் அந்தச் சுவருக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு கிடந்ததைப் பார்த்து அவர் அழுதார். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

மாத்திரையும் கவுன்சிலிங்கும் சேர்ந்து அவளை எழுப்பி உட்கார வைத்தன. மறுபடி காலேஜில் சேர்ந்து வீட்டிலிருந்தே போய்வர ஆரம்பித்தபோது டாக்டர் சொன்னார்: "இது திரும்பி வரும் சார். வர்றதுக்கு முன்னாடி சின்னச் சின்னதா அடையாளம் காட்டும். அப்பவே பிடிச்சிட்டா ஒண்ணும் இல்ல. விட்டுட்டா, ரெண்டாவது தடவ எழுந்திருக்கிறது ரொம்பக் கஷ்டம்." அதற்காகத்தான் அந்தச் செல்போன் ஏற்பாடு. இரண்டு அல்லது அதற்குக் கீழே அனுப்பினால் கவுன்சிலர் ரோகிணி உடனே போன் செய்வாள். அவ்வளவுதான் விஷயம். உலகநாதனுக்கு டாக்டரின் கடைசி வார்த்தை மட்டும் காதிலேயே நின்றுவிட்டது.

ஆரம்பத்தில் ஜெயப்பிரியா மூன்று அனுப்பினாள், நாலு அனுப்பினாள், மறுபடி மூன்று. ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டு அனுப்பினாள்.

வீடு அல்லோலகல்லோலப்பட்டது. ரோகிணி பேசி முடிப்பதற்குள் உலகநாதன் போனைப் பிடுங்கி டாக்டர் வேண்டும் என்றார். மறுநாள் ஆபீசுக்கு லீவு போட்டார். வேண்டா விடியற்காலையில் திருக்கழுக்குன்றத்துக்குப் போய், ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு மலை ஏறி, இறங்கும்போது முழங்கால் பிடித்துக்கொள்ள ஆட்டோவில் வந்து சேர்ந்தாள். படாளத்திலிருந்து அத்தை ஒருத்தி மந்திரித்த தாயத்தோடு வந்து ஒரு வாரம் தங்கினாள். வந்தவள் சும்மா இருக்காமல், "பொண்ணு உள்ள தாப்பா போட்டுக்கினு தூங்குதே, ஏதாவது ஒண்ணுன்னா இன்னா பண்ணுவ?" என்று ஒரு வார்த்தை சொல்லிவைத்தாள். உலகநாதன் அன்றைக்கே ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, மகளின் அறைக்கதவுத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார். ஜெயப்பிரியா கட்டிலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னொரு இரண்டு வந்தது. இன்னொரு முறை லீவு, மலை, அத்தை. அதற்குப் பிறகு இரண்டே வரவில்லை, மூன்றும் வரவில்லை. நாலு வந்தது. மறுநாளும் நாலு. வாரம் போய் மாசம் வந்தும் நாலுதான். மலைக்குப் போன புண்ணியம் என்றாள் வேண்டா. உலகநாதனுக்கு ஸ்க்ரூ டிரைவர் மேலும் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது.

மாதாந்திரச் சோதனைக்குச் செங்கல்பட்டு போனபோது ரோகிணி கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். திரையில் ஆரம்பத்தில் மேடும் பள்ளமுமாக இருந்த கோடு, அப்புறம் கிழக்குக் கடற்கரைச் சாலை மாதிரி நேராகப் போயிற்று.

"பாருங்க சார், எவ்வளவு ஸ்டெடியா இருக்கு. இப்படியே போகட்டும்" என்றாள்.

உலகநாதன் திரும்பும் வழியில் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கினார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மகளிடம் ஒரு துண்டை நீட்டினார். அவள் வாங்கி, ஊர் வரும்வரை கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அப்பனின் கண் மைசூர்பாகுப் பொட்டலத்தில் இருந்தது.

இத்தனைக்கும் உலகநாதன் செய்த வேலை என்ன தெரியுமா? மீட்டர் பார்ப்பது. கல்பாக்கம் அணுமின் நிலையத்தில், கதிர்வீச்சை எண்ணுகிற கருவிகள் பழுதானால் அவருடைய மேஜைக்கு வரும். பிரித்து, சரிசெய்து, ஓடவிட்டுப் பார்த்து, முத்திரை ஒட்டி அனுப்புவார். இருபத்தைந்து வருஷமாக அதே மேஜை. ஒரு மீட்டரைக் கையில் எடுத்தாலே அது உண்மை பேசுகிறதா பொய் பேசுகிறதா என்று சொல்லிவிடுவார் என்று அங்கே பெயர்.

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு வியாழக்கிழமை, அடுத்த மேஜையிலிருக்கும் சுப்புராமன் ஒரு மீட்டரைக் கொண்டுவந்து வைத்தார். திருநெல்வேலிக்காரர், புதிதாக மாற்றலாகி வந்தவர்.

"அண்ணாச்சி, இதுல ஒரு கோளாறும் இல்ல. காலையில இருந்து ஓட விட்டுருக்கேன். முப்பத்தொண்ணுன்னா முப்பத்தொண்ணுதான். கொஞ்சம்கூட அசையல பாத்துக்கிடுங்க. முத்திரை ஒட்டிரலாமா?"

உலகநாதனுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. காற்றிலும் சுவரிலும் மண்ணிலும் எப்போதும் கொஞ்சம் கதிர்வீச்சு இருக்கத்தான் செய்யும். அது ஒரு நிலையில் நிற்காது. நல்ல மீட்டர் ஒரு நிமிஷம் முப்பத்தொன்று காட்டினால் அடுத்த நிமிஷம் இருபத்தாறு காட்டும், அதற்கடுத்து முப்பத்தெட்டுக்குத் தாவும். அந்த வேலையில் சேருகிறவனுக்கு முதல் நாளே சொல்லித்தருகிற பாடம் அது.

"யோவ், இன்னாய்யா நீ! ஒரே நம்பரு காட்டினா நல்லா கீதுன்னா அர்த்தம்? உள்ள செத்துக் கெடக்குதுன்னு அர்த்தம். ஏறி எறங்கினாத்தான் அதுக்கு உசுரு கீது. ஆடாத மீட்டரப் பாத்தாலே பயப்படணும்யா!"

சொல்லிக்கொண்டே ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். எடுத்த கை பாதியில் நின்றது. சுப்புராமன் ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். உலகநாதன் காதில் விழவில்லை. நாலு, நாலு, நாலு என்று ஃப்ரிட்ஜ் மேலிருந்து யாரோ எண்ணுவது மாதிரி இருந்தது. இருபத்தைந்து வருஷம் பார்த்த வேலையை வீட்டு வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றிவிட்டுப் போயிருக்கிறோமே என்று தன்மேலேயே அவருக்கு ஆத்திரம் வந்தது.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"ஜெயா எங்க?"

"இன்னா கேள்வி இது? காலேஜுக்குப் போயிகீது" என்றாள் வேண்டா. "நீ இன்னா இந்நேரத்துல? ஒடம்பு சரியில்லியா?"

அப்படியே திரும்பிப் பஸ் ஸ்டாப்புக்குப் போனார். மழை விட்டிருந்தது. காலேஜ் செங்கல்பட்டுப் பக்கம். திருக்கழுக்குன்றம் வழியாக வருகிற பஸ்ஸில்தான் அவள் வரவேண்டும். அந்த பஸ் வந்தது, ஆட்கள் இறங்கினார்கள், அவள் இல்லை. அடுத்ததிலும் இல்லை. மூன்றாவது பஸ்ஸை எதிர்பார்த்து அவர் ஒரு பக்கமே பார்த்துக்கொண்டிருந்தபோது, எதிர்த்திசையில் மகாபலிபுரத்திலிருந்து வந்த பஸ் ஒன்று நின்றது. ஜெயப்பிரியா இறங்கினாள். முதுகில் காலேஜ் பை. சுடிதாரின் கால்பக்கமெல்லாம் கடல் மணல். தலை வாரிப் பல நாள் ஆகியிருந்தது. இத்தனை நாளும் ஏழு மணிக்கு அந்தப் போனைப் பார்த்த அளவுக்கு இந்தத் தலையைப் பார்த்திருந்தால் போதுமே என்று நினைத்தார்.

அப்பாவைப் பார்த்ததும் அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

திட்டுவதற்கு வாய்வரைக்கும் வந்தது. எதிரே கரும்புச்சாறு கடை பெஞ்சைக் காட்டி, "வா, குந்து" என்றார். இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். கடைக்காரன் மழைக்குப் படுதாவைப் போட்டு மூடிவிட்டுப் போயிருந்தான்.

"எத்தினி நாளா போவல?"

"தெரியல. ரொம்ப நாளா." தரையைப் பார்த்தபடி சொன்னாள். "கிளாஸ் வாசல் வரைக்கும் போவேன். கை நடுங்கும். திரும்பிடுவேன். பீச்சுல போய் குந்திகினு இருந்துட்டு, நேரம் ஆனதும் வருவேன்."

"தூக்கம்?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"அப்பறம் ஏம்மா நாலு?"

அவள் பேச ஆரம்பித்ததும் நிறுத்தவில்லை. "ரெண்டு போட்டா நீங்க எல்லாம் இன்னா ஆவுறீங்கன்னு நீ பாத்துகிறியா? அம்மா முட்டி வலியோட மலையேறுது. அத்த வந்து நான் தூங்கறப்ப மூக்குல வெரல வெச்சிப் பாக்குது. நீ லீவு போட்டுட்டு என் மூஞ்சியவே பாத்துக்கினு கீற. எனக்கு ரெண்டுன்னா உங்களுக்கு ஒண்ணுகூட இல்லப்பா. என்னையே என்னால தாங்க முடியல, உங்களயும் சேத்து எப்பிடித் தாங்கறது? தாப்பாள கழட்டுனியே, அன்னியிலேர்ந்து அந்த ரூம்ல நான் அழக்கூட இல்ல. அதான் நாலு. நாலு போட்டா வூடு அமைதியா கீது."

உலகநாதன் கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்டார்.

"அஞ்சு போட்டிருக்கலாமே?"

"அஞ்சுன்னா நம்ப மாட்டாங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் உதட்டோரம் என்னவோ வந்து போயிற்று. அதோடு அவர் கண்ணில் தண்ணீரும் வந்தது. இந்த முறை திறந்துவிடக் குழாய் இல்லை. மகள் பார்க்கவே அழுதார். அவள் தன் துப்பட்டாவை நீட்டினாள்.

"அழுவாதப்பா, சும்மா சும்மா" என்றாள்.

"சரி. இன்னிக்கு நெசத்தப் போடு. நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்."

"உன்னால முடியாதுப்பா."

"பாரேன்."

அன்று ஏழு மணிக்கு டிவியின் சத்தம் குறையவில்லை. சீரியலில் யாரோ யாரையோ சபித்துக்கொண்டிருந்தார்கள். போன் கூவியது. ஜெயப்பிரியா அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். உலகநாதன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பொத்தான் அழுந்தும் சத்தம் கேட்டது. வழக்கமாகத் தாகம் எடுக்கிற நேரம். அவர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனுஷர் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான வேலை செய்ததில்லை.

விரலைக் காட்டவில்லையே என்று அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள் வேண்டா. "இன்னா?" என்று கையாலேயே கேட்டாள். அதற்குள் போன் மணி அடித்தது. ஜெயப்பிரியா எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"ஆமா மேடம், ஒண்ணுதான்... இல்ல, தப்பா அழுத்தல. இத்தினி நாளு அனுப்புனதுதான் தப்பு..."

வேண்டாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, ஒண்ணா? நாளைக்கே மலைக்கு..."

"எங்கயும் போவ வேணாம்."

"இன்னாய்யா பேசற நீ? கொழந்த..."

"வேண்டா, இங்க வந்து குந்து." அவர் குரலைக் கேட்டு அவள் உட்கார்ந்தாள். "அவங்க பாத்துப்பாங்க. அதுக்குத்தான் அவங்க கீறாங்க. நாம பதறிப் பதறித்தான் அது நம்மகிட்ட மறைக்குது. பொறுமையா இரு. எனக்கும் ஒண்ணும் ஓடல."

இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தைகூடப் புரியாமல் அந்தச் சீரியலை முடிவுவரை பார்த்தார்கள். வாசலில் ஜெயப்பிரியா அழுதுகொண்டே பேசிக்கொண்டிருந்தாள். யாரும் எழுந்து போகவில்லை.

மறுநாள் செங்கல்பட்டுக்குத் தானே போய்வருகிறேன் என்றாள். மாத்திரையை மாற்றினார்கள். வாரம் இரண்டு முறை வரச்சொன்னார்கள். காலேஜுக்கு டாக்டரே பேசினார். ரோகிணி போனில் உலகநாதனிடம், "நாங்களும் நம்பர் கீழே இறங்கினா மட்டும்தான் பார்த்தோம் சார்" என்றாள். அவர் அவளைக் குறை சொல்லவில்லை. சொல்வதற்கு அவருக்கு வாயும் இல்லை.

டாக்டரிடம் ஒன்று கேட்டுக்கொண்டார். அவர் ஜெயப்பிரியாவோடு தனியாகப் பேசிவிட்டு, தாராளமாகச் செய்யுங்கள் என்றார். ஞாயிற்றுக்கிழமை உலகநாதன் பழைய டப்பாவிலிருந்து அந்தத் தாழ்ப்பாளைத் தேடி எடுத்து, துருவைத் துடைத்து, எண்ணெய் விட்டு, மகளின் கதவில் திரும்ப மாட்டினார். ஒரு திருகாணி குறைந்தது. கடைக்குப் போய் வாங்கி வந்தார். ஜெயப்பிரியா உள்ளே போய்க் கதவைச் சாத்தி ஒரு முறை போட்டுப் பார்த்தாள். வெளியே நின்ற உலகநாதன் அந்தச் சத்தத்தைக் கேட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு தாழ்ப்பாள் திறந்தது. கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு அவள் தலை வாரிக்கொள்ள உட்கார்ந்தாள்.

அன்று சாயங்காலம் ஃப்ரிட்ஜ் பக்கம் அவர் போகவே இல்லை. அவளாகவே வந்து, "மூணுப்பா" என்றாள். மறுநாள் இரண்டு என்றாள். அதற்கடுத்த நாள் மறுபடி மூன்று, அப்புறம் ஒன்று.

ஒன்று என்று அவள் சொன்ன அன்றைக்குத்தான், ரொம்ப நாளைக்குப் பிறகு, உலகநாதன் நன்றாகத் தூங்கினார்.