முடித்தவர்கள் மட்டும் எழுதவும்

1

குற்றத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. என் அவசரத்தில் பிறந்தது.

இந்த இதழில் எனக்கு ஒரு பக்கம் உண்டு. 'இப்போது என்ன ஆடுகிறீர்கள்?' என்று தலைப்பு. வாசகர்கள் தாங்கள் ஆடிக்கொண்டிருக்கும் வீடியோ கேம் பற்றி நாலு பத்தி எழுதி அனுப்புவார்கள். எது பிடித்தது, எங்கே மாட்டிக்கொண்டு முழித்தார்கள், எந்த இடத்தில் கண்ட்ரோலரைத் தூக்கி மெத்தையில் எறிந்தார்கள் என்று. (மெத்தையில்தான் எறிவார்கள். கோபத்திலும் விலை ஞாபகம் இருக்கும்.)

ஆரம்பத்தில் பத்து நிமிடம் ஆடிவிட்டு "அருமை, அனைவரும் ஆடலாம்" என்று எழுதுகிறவர்கள் என்னைப் படுத்தி எடுத்தார்கள். ஒரு நாள் எரிச்சலில், பக்கத்தின் அடியில் ஒரு வரி சேர்த்தேன்: முடித்தவர்கள் மட்டும் எழுதவும்.

தலைப்பில் 'இப்போது', அடியில் 'முடித்தவர்கள்'. இது என்ன கூத்து என்று ஒருவரும் கேட்கவில்லை. எழுதிய எனக்கே உறைக்கவில்லை. அந்த ஒரு வரி ஒரு வீட்டுக்குள் புகுந்து செய்த அட்டூழியம்தான் கதை.

2

எப்படித் தொடங்குவது?

'மாலை வெயில் எக்ஸ்ரே அறையின் ஜன்னல் வழியே மெல்ல—'

எக்ஸ்ரே அறைக்கு ஜன்னல் கிடையாது. அடித்துவிட்டேன்.

'அவளுக்குக் கணவன் மேல் கொள்ளைப் பிரியம். ஆனால் விதி—'

விதியாவது மண்ணாவது. நான் போட்ட விதி அது. இதையும் அடித்தேன்.

'அவள் கொதித்துப் போயிருந்தாள்.'

இது இருக்கட்டும்.

3

அவள் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே டெக்னீஷியன். மதியம் ஒன்றரைக்குப் போனால் திரும்ப ஒன்பதரை ஆகும். கணவன் லிஃப்ட் மெக்கானிக். காலை ஐந்தரைக்குக் கிளம்பி மூன்றரைக்கு வருவான். ஒன்பது மணிக்கெல்லாம் தூங்கிவிடுவான். ஆறு வருடக் கல்யாணத்தில் கடைசி இரண்டு வருடம் இப்படி. ஒரே வீடு, ஒரே கட்டில், ஒரே சோப்பு; ஆள்தான் மாறி மாறி. பேச்செல்லாம் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய காகிதங்களில்: 'பால் இல்லை.' 'பாத்ரூம் குழாய் சொட்டுது.' 'உங்க அக்கா போன் பண்ணாங்க, நான் எடுக்கல.'

அப்போதுதான் அந்த விளையாட்டு வந்தது. பனி மூடிய ஒரு மலை. உச்சியில் ரோப் கார் நிலையம். அங்கே மாட்டிக்கொண்ட ஊர்க்காரர்களை ஒவ்வொரு நடையாகக் கீழே இறக்க வேண்டும். வேலைக்காரர்கள் இரண்டு பேர்: பச்சைக் கோட்டு அவன், சிவப்புக் கோட்டு அவள். "நாள் பூரா லிஃப்ட், வீட்டுக்கு வந்தும் லிஃப்டா?" என்று அவள் கேலி செய்துகொண்டேதான் கண்ட்ரோலரை வாங்கினாள்.

இருவருக்கும் ஒரே ஆட்டம், ஒரே சேவ் (விட்ட இடத்தைச் சேமித்து வைக்கும் பதிவு). காலையில் அவள் இரண்டு மணி நேரம் ஆடி நிறுத்துவாள். மாலையில் அவன் அதே இடத்திலிருந்து தொடர்வான். நிலையத்தில் ஒரு பதிவேடு உண்டு. சொந்தமாக எழுத முடியாது. விளையாட்டே தரும் பன்னிரண்டு வாக்கியங்களில் ஒன்றைப் பொறுக்கி விட்டுவிட்டுப் போகலாம். 'விறகு குறைவு.' 'நன்றாகத் தூங்கினேன்.' 'உனக்கு மிச்சம் வைத்திருக்கிறேன்.' உயரமான கட்டடத்தில் அவனுக்கு வேலை என்று தெரிந்த நாளில் அவள் 'பாதையில் கவனம்' போடுவாள். பத்திரமாக வீடு திரும்பி, கைகால் கழுவி, டிவி முன்னால் உட்கார்ந்த பிறகுதான் அவன் அதைப் பார்ப்பான். இருந்தாலும் போடுவாள்.

(சிரிக்காதீர்கள். நீங்கள் உங்கள் வீட்டில் கடைசியாக ஒரு வாக்கியத்தைப் பொறுக்கி எடுத்துப் பேசியது எப்போது?)

பதினோரு வாரம் இப்படி. செவ்வாய்க்கிழமை காலை அவள் கடைசி அத்தியாயத்தின் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். அதை மட்டும் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சேர்ந்து பார்ப்பது என்று பேச்சு. பதிவேட்டில் 'காத்திருக்கிறேன்' என்ற வாக்கியத்தை வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

செவ்வாய் மாலை நான் அவனுக்குப் போன் செய்தேன்.

4

இந்தப் பகுதியை மூன்று முறை மழுப்பலாக எழுதிப் பார்த்தேன். முடியவில்லை. நடந்ததை நடந்தபடியே போடுகிறேன்.

அவன் முன்பே ஒரு தடவை அந்த விளையாட்டைப் பற்றி எழுதி அனுப்பியிருந்தான். கீழே 'லிஃப்ட்காரன்' என்று கையெழுத்து. நல்ல எழுத்து. பாதியில் இருக்கிறேன் என்று சொன்னதால் திருப்பி அனுப்பினேன். இந்த வாரம் எழுதித் தருவதாகச் சொன்ன வேறொரு வாசகர் கையை விரித்துவிட்டார். பக்கம் காலி.

"ரோப் கார் முடிச்சாச்சா தம்பி?"

"ஒரு சேப்டர் பாக்கி சார். ஞாயித்துக்கிழமை வீட்ல ரெண்டு பேரும் சேர்ந்து—"

"சனிக்கிழமையே புக்கு கடையில தொங்கும்பா. நாளைக்குச் சாயங்காலம் வேணும். முடிச்சுட்டு எழுது."

"சார், அது வந்து… வீட்ல—"

"அட, உன் எழுத்து அச்சுல வர வேண்டாமா?"

'வீட்ல' என்ற சொல் இரண்டு முறை என் காதில் விழுந்தது. அதை என்னால் மறுக்க முடியாது.

புதன் மாலை அவன் உட்கார்ந்தான். 'காத்திருக்கிறேன்' திரையில் இருந்தது. அதைத் தாண்டிப் போனான். எழுதி அனுப்பினான். பிறகு ஒரு காரியம் செய்தான் பாருங்கள், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. தொடங்குவதற்கு முன்பே அந்தப் பழைய 'சேவ்' பதிவை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து வைத்திருந்தான். எல்லாம் ஆனதும் அதைத் திரும்பப் போட்டுவிட்டான். செவ்வாய் காலை அவள் விட்ட இடம், விட்ட மணி, விட்ட வாக்கியம். துளி மாறாமல்.

5

சனிக்கிழமைகளில் அவளுக்குக் காலை ஷிஃப்ட். பதினோரு மணிக்கு நெஞ்சு எக்ஸ்ரேவுக்கு ஒரு ஆள் வந்தார். சட்டையைக் கழற்றுவதற்காகக் கையில் இருந்த வார இதழை, "அக்கா, இதைக் கொஞ்சம் பிடிங்க" என்று கொடுத்தார். விரித்த பக்கம் மேலே இருந்தது. ரோப் கார் படம் தெரிந்தது.

அவள் அவரை நிறுத்தி, தோளைச் சரிசெய்து, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வந்தாள். "மூச்சை இழுங்க… அப்படியே பிடிங்க." பொத்தானை அழுத்தினாள். கண் அந்த இதழின் பக்கத்துக்குப் போனது.

'கடைசி நடையில், சக்கரத்தைச் சுற்ற ஒருவர் மேலேயே நின்றாக வேண்டும். சிவப்புக் கோட்டை மேலே நிறுத்திவிட்டு நான் இறங்கினேன். பனியில் அந்தச் சிவப்பு ஒரு புள்ளியாகி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். என் கண்ணில் நீர் வழிந்தது.* — லிஃப்ட்காரன்.'

இரண்டாம் தடவை படித்தாள்.

"அக்கா…" உள்ளேயிருந்து ஒரு குரல், நசுங்கிப்போய். "விட்டுடலாமா?"

அந்த மனிதர் முகம் சிவந்து நின்றுகொண்டிருந்தார்.

* கடைசி வாக்கியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. தைரியம் வந்ததும் சொல்கிறேன்.

6

அவளுக்குக் கோபம் வந்தால் மரியாதை வந்துவிடும். சாதாரண நாளில் 'வாடா', 'போடா', 'எருமை'. கோபத்தில் 'வாங்க', 'சொல்லுங்க'. மூன்றரைக்கு அவன் கதவைத் திறந்தபோது, "வாங்க. உக்காருங்க" என்றாள். அவனுக்கு அப்போதே பாதி உயிர் போய்விட்டது.

வரும் வழியில் வாங்கிய இதழை அவன் மடியில் போட்டாள்.

"அந்தப் பக்கத்தைப் பாக்குற சார் ரொம்ப அவசரப்படுத்தினாரு," என்றான். (கதையில் என் பெயர் கெடுகிறது. கெடட்டும்.)

"படிச்சேன். நல்லா எழுதியிருக்கீங்க."

"ஏய், நீ நெனைக்கிற மாதிரி இல்ல. ஒண்ணும் ஆகல. பழைய சேவ் அப்படியே இருக்கு. வேணும்னா இப்பவே பாரு, நீ செவ்வாய்க்கிழமை எங்க விட்டியோ அங்கதான்—"

"அப்போ நாளைக்குக் காலைல என் பக்கத்துல உக்காந்து, ஒண்ணுமே தெரியாத மாதிரி பாத்திருப்பீங்க."

அவன் ஷூ லேஸை அவிழ்க்க ஆரம்பித்தான்.

"ஐயோன்னு வாயைப் பொத்தியிருப்பீங்க. யாரை விட்டுட்டுப் போறதுன்னு என்கிட்டயே கேட்டிருப்பீங்க. நடிச்சிருப்பீங்களா, மாட்டீங்களா?"

"…கொஞ்சம்."

"கொஞ்சம்!"

"உன் ஆளுக்குத்தான் கை வலு அதிகம்டி. பச்சைக் கோட்டு சக்கரத்தைச் சுத்தினா கார் பாதியில நின்னுடும். மெக்கானிக்கா யோசிச்சேன்."

"என்னை மலை மேல தனியா விட்டுட்டு இறங்கி வந்து, அதை நாலு பத்தியா எழுதி, ஊருக்கே வித்திருக்கீங்க. அதுல அழுகை வேற. எதுக்கு அழுதீங்க? நானா விடச் சொன்னேன்?"

அவன் கழற்றிய ஷூக்களை ஜோடி சேர்த்து வைத்தான்.

(இங்கே ஒரு சமாதான வசனம் வைக்க வேண்டும் என்று கை துடித்தது. முப்பது வருடம் கதை எழுதிய பழக்கம். வைக்கவில்லை.)

7

ஐந்து மணிக்கு எனக்குப் போன் வந்தது. பக்கத்தின் அடியில், என் அந்த அருமையான விதிக்குக் கீழேதான் எண்ணைப் போட்டிருந்தேன். நாற்பது நிமிடம் பேசினாள். மேலே நீங்கள் படித்ததில் பெரும்பகுதி அவள் சொன்னது; மிச்சம் அன்று இரவு அவன் போன் செய்து சொன்னது.

கடைசியில் கேட்டாள்: "சார், ஒண்ணே ஒண்ணு. அவர் நெஜமாவே அழுதாரா?"

இப்போது அந்த நட்சத்திரக் குறிக்கு வருகிறேன்.

"அது… நான் சேர்த்தது."

"எது?"

"கண்ணீர். பத்தி கொஞ்சம் வறட்டுன்னு முடிஞ்ச மாதிரி இருந்துச்சும்மா. நம்ம வாசகர்களுக்கு—"

"அப்போ அவர் அழக்கூட இல்ல."

நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் வீடு தேறிவிடும் என்று நினைத்த முட்டாள் நான்.

"அவர் என்ன எழுதியிருந்தாரு?"

அவன் அனுப்பிய பிரதி மேசையில் இருந்தது. படித்தேன்: 'சிவப்பு மறைந்ததும் அணைத்துவிட்டேன். அதற்குப் பிறகு என்ன வருகிறது என்று எனக்குத் தெரியாது. பார்க்கப் பிடிக்கவில்லை.'

போனில் பின்னால் ஒரு குழாய் சொட்டுவது எனக்குக் கேட்டது.

"இதை ஏன் சார் வெட்டினீங்க?"

"முடிக்கலைன்னு தெரிஞ்சா பக்கத்துல போட முடியாதும்மா."

"உங்க ரூலு."

"ஆமா."

"முடிக்காதவரை முடிச்சவராக்கி, அழாதவரை அழ வெச்சு, என் கையில குடுத்தீங்க. நான் மதியத்துலேர்ந்து உங்க கண்ணீருக்குச் சண்டை போட்டுட்டு இருக்கேன் சார்!"

திட்டினாள். அவனைத் திட்டியதைவிட மரியாதையாகத் திட்டினாள். எல்லாம் எனக்குச் சேர வேண்டியதுதான். ஆனால் அதில் அவனை அவள் விட்டுவிட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். "அவர் வாசலைத் தாண்டினது தாண்டினதுதான். திருப்பி வெச்சுட்டா தாண்டலைன்னு ஆயிடாது," என்றாள்.

வெட்கமில்லாமல் நான் கேட்டேன்: "இதைக் கதையா எழுதலாமாம்மா?"

"சனிக்கிழமை வரைக்கும் எழுதிக்கோங்க. அதுதான் ஊர் வாயில விழுந்தாச்சே. நாளைக்கு நான் அவர்கூட உக்காருவேனா மாட்டேனான்னு எனக்கே இன்னும் தெரியல. எது நடந்தாலும் அதை நீங்க எழுதக் கூடாது. அதுக்கு அப்புறம் வர்றதை நாங்க ரெண்டு பேருமே பாக்கல. எங்களுக்கு முன்னாடி வேற யாரும் பாக்கக் கூடாது."

8

சரி என்று சொன்னேன். சொல்லிவிட்டு, வார்த்தை தவறாமல் இருக்கத் தெரியாத என் கை, ஞாயிறு முழுக்க முடிவு எழுதியது.

முடிவு ஒன்று: அவள் தனியாக ஆடி, பச்சைக் கோட்டை மேலே நிறுத்திவிட்டு இறங்குகிறாள். வாசகர்கள் கைதட்டுவார்கள். ஆனால் அவள் பழிவாங்குகிற ரகம் இல்லை. அவளுக்கு வேண்டியது வெற்றியும் இல்லை.

முடிவு இரண்டு: அவன் காப்பி போட்டு எடுத்து வருகிறான், அவள் 'எருமை' என்கிறாள், இருவரும்— தூ. இந்தச் சிரிப்பை இதுவரை இருநூறு தம்பதிகளுக்கு விற்றிருக்கிறேன்.

முடிவு மூன்று: மணி பத்து. டிவி இருட்டாக இருக்கிறது. அவள் அறைக் கதவு திறக்கவில்லை. அவன் கண்ட்ரோலரை—

மூன்றையும் கிழித்தேன். கிழிக்கும்போது உங்கள் மேலும் கோபம் வந்தது, மறைப்பானேன். வாரா வாரம் "அப்புறம் என்ன ஆச்சு? அப்புறம்?" என்று கேட்டுக் கேட்டு என்னை இந்தப் பழக்கத்துக்கு ஆளாக்கியவர்கள் நீங்கள். உங்களுக்காகத்தான் நான் அவனை அவசரப்படுத்தினேன். உங்களுக்காகத்தான் அந்தச் சொட்டுக் கண்ணீரையும் ஊற்றினேன்.

இதழின் ஆசிரியர் கூப்பிட்டார். "சார், கதை வந்துச்சு. கடைசிப் பக்கம் விட்டுப்போச்சு போல."

"விட்டுப்போகல. அவ்வளவுதான்."

"சேர்ந்தாங்களா, பிரிஞ்சாங்களான்னு ஒரு வரி போட்டுடுங்க சார். வாசகர்கள் கிழிச்சுடுவாங்க."

"கிழிக்கட்டும்."

"உங்களுக்காவது தெரியுமா?"

9

திங்கள்கிழமை காலை லிஃப்ட்காரனிடமிருந்து போன் வந்தது. குரலிலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஏதோ ஒரு கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் நின்றுகொண்டு பேசினான். வார்த்தை எல்லாம் எதிரொலித்தது.

"சார், நேத்து பத்து மணிக்கு அவ—"

போனை வைத்துவிட்டேன்.

மறுபடி அடித்தது. எடுக்கவில்லை. மூன்றாம் தடவை அடித்தது. வாயில் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அடிக்கவில்லை.

அந்த 'அவ'வுக்குப் பிறகு என்ன என்று உங்களைப் போலவே எனக்கும் தெரியாது. மண்டை வெடிக்கிறது. உங்களுக்கும் வெடிக்கட்டும்.