பூமாலை அழுதால் மழை வரும்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் பேர். இருக்கட்டும். இந்தக் கார்த்திகையில் யாருடைய வாய்தான் சும்மா இருந்தது? ஐப்பசி முழுக்க வானம் வெளுத்துக் கிடந்தது. காணைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஏரிக்குள் மாடு மேய்ந்துகொண்டிருந்தது. மோட்டாரை நம்பி நாற்று நட்ட புத்திசாலிகளில் நானும் என் வீட்டுக்காரர் வேங்கடேசனும் உண்டு. கிணறு கொஞ்ச நேரம் இறைத்ததும் மூச்சு வாங்கியது, வயல் பாளம் பாளமாக வெடித்துவிட்டது. டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் ஆளெல்லாம் போனில் மேகப் படத்தைப் பார்த்து, "அந்தமானுக்குக் கீழ ஒண்ணு சுத்திக்கினு இருக்குது" என்று கடலை அளந்துகொண்டிருந்தார்கள். வரப்பு வெட்டத் தெரியாதவனுக்கெல்லாம் வங்கக்கடல் அத்துபடியாகிவிட்டது.

கடைசியில் ஊர் நாட்டாமை பெரியதம்பி, கொடும்பாவி கட்டி இழுத்துவிடலாம் என்றார். ஊரில் யாரோ ஒரு பாவி இருப்பதால்தான் மழை வரவில்லை என்று ஒரு கணக்கு. அந்தப் பாவிக்கு வைக்கோலில் பொம்மை செய்து, பாடையில் கிடத்தி, தெருத் தெருவாக இழுத்துக்கொண்டு போய் ஏரிக்கரையில் கொளுத்த வேண்டும். கூடவே பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைக்க வேண்டும். நிஜச் சாவுக்கு அழுவதுபோல் அழுதால் வானம் இரங்கும். மற்ற நாளில் எங்கள் தெருச் சாமி கீழத் தெருப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. கொடும்பாவிக்கு மட்டும் அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது, எல்லாத் தெருவுக்கும் போகும்.

ஒப்பாரி என்றால் கீழத் தெரு பூமாலைதான். சாவு வீட்டில் அவள் குரல் எடுத்தால், செத்தவனோடு வரப்புச் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தியவன்கூட மூக்கைச் சிந்துவான். முன்னொரு வருஷம் இதேபோல மழை ஏமாற்றியபோது, கொடும்பாவிக்கு முன்னால் நின்று அழுதவள் அவள்தான். பாடை ஏரிக்கரைக்குப் போய்ச் சேருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நனைந்த பொம்மையைக் கொளுத்தவே முடியவில்லை. அதிலிருந்து, பூமாலை அழுதால் மழை வரும் என்று ஊரே சொல்லும். அவளும் நம்பினாள். அவளைக் கூப்பிட என்னை அனுப்பினார்கள். என் வயலில் நடவு நடுகிறவள், என் பேச்சைத் தட்டமாட்டாள் என்று நினைப்பு.

போனபோது பூமாலை வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் இருந்த போன் செய்தி வாசித்துக்கொண்டிருந்தது. தென்மேற்கு வங்கக்கடலில் சூறாவளிக் காற்று மணிக்கு ஐம்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே அறுபத்தைந்து கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும். ஆழ்கடலுக்குச் சென்றுள்ள மீனவர்கள் உடனே கரை திரும்புமாறு அறிவுறுத்தப்படுகிறார்கள். முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து போட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் புருஷன் அன்புச்செல்வன் கரும்பு வெட்டுகிறவன். வெட்டு இல்லாத மாதங்களில் புதுச்சேரி தேங்காய்த்திட்டுக்குப் போய் விசைப்படகில் வலை இழுப்பான். போனால் ஒரு வாரத்துக்குக் கடலிலேயே தங்கல். எங்கள் ஏரி நிரம்பிய காலத்தில்கூட இடுப்பளவுத் தண்ணீருக்கு மேல் இறங்காதவன். நீச்சல் தெரியாது.

இருந்தாலும் வந்த வேலையைச் சொன்னேன். "நாளைக்குக் கொடும்பாவி. நீதான் முன்னால நிக்கணும்."

"நான் வரலக்கா."

"இன்னாடி இது? பயிரு கருகிக்கினு இருக்குது, வரலன்றே?"

"நான் அழுதா மழை வரும்தானே?"

"வரும். அதுக்குத்தானே கூப்புடுறோம்."

"அந்த மழை எங்கருந்து வரும்? அங்கருந்துதானே வரணும்?" கிழக்கே கையை நீட்டினாள். "அவரும் அங்கதானேக்கா இருக்காரு."

நானும் விடவில்லை. "காத்து இல்லாம மழை மட்டும் வரட்டும்னு அழேன்டி."

"ஒப்பாரியில அப்படி அளந்து அழ முடியாதுக்கா. வந்தா மொத்தமாத்தான் வரும்."

படகு ஓனர் வாக்கி டாக்கியில் எச்சரிக்கை சொல்லிவிட்டாராம். திரும்பி வருகிறோம் என்று படகிலிருந்து பதிலும் வந்ததாம். அதற்குப் பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் யாரும் எடுக்கவில்லை. இதைச் சொல்லும்போதும் அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. சிவந்து காய்ந்து கிடந்தது.

"பயமா இருக்குதுக்கா. விழுந்து பொரண்டு அழுவணும்போல இருக்குது. ஒரு சொட்டு உட்டாலும் அது அவரு தலமேல போய் எறங்கிடுமோன்னு அடக்கிக்கினு இருக்கேன். நீ போ. உன்னப் பாத்தா அழுக வருது."

உன் அழுகைக்கும் கடலுக்கும் சம்பந்தமே இல்லை, நன்றாக அழு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எந்த வாயால் சொல்வது? சம்பந்தம் இல்லையென்றால் என்னை எதுக்குக் கூப்பிட வந்தே என்று கேட்பாளே. வாய் நீளமுள்ள நான் ஒன்றும் பேசாமல் எழுந்து வந்தேன்.

பெரியதம்பியிடம், "அவளுக்குத் தொண்ட கட்டிக்கிச்சு, வெறும் காத்துதான் வருது" என்று புளுகினேன். கருகுகிற பயிரைப் பார்த்துக்கொண்டிருக்கும் சனம் அவள் பயத்தைக் காதில் வாங்காது என்று பட்டது. அந்த மனுஷன் சும்மா இருந்தாரா? மிளகும் பனைவெல்லமும் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்து அவள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். என் வீட்டுக்காரரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தி, "பேஜாராப் போச்சே" என்றார். அது பயிருக்கா, அன்புச்செல்வனுக்கா என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் மத்தியானம் பாடை கிளம்பியது. பூமாலை இடத்தில் செண்பகத்தை நிறுத்தினார்கள். செண்பகம் தங்கமான மனுஷி, ஆனால் அழுகை வராத பிறவி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பிரார்த்தனை பாடுகிற ராகத்தில், "போயிட்டியா, நீ போயிட்டியா" என்று அவள் இழுக்க, பின்னால் வந்த பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அழுவதுபோலத்தான் இருந்திருக்கும்.

எங்கள் தெருவைத் தாண்டும்போது கிழக்கிலிருந்து காற்று கிளம்பியது. அடிவானம் கறுத்தது. "வருது, வருது" என்று கூட்டம் கத்தியது. மேளம் ஏறியது. ஒரு மாதமாக அந்தக் கறுப்பைத்தான் நான் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது பார்த்ததும் அன்புச்செல்வன் படகுதான் நினைப்புக்கு வந்தது. நெல் நட்டவள் மேகத்தைத் திட்டியது எங்கள் ஊரில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக இருக்கும். மனசுக்குள்தான் திட்டினேன்.

பாடை கீழத் தெருவுக்குள் திரும்பியது. பூமாலை வாசலில் நின்றிருந்தாள். முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்திருந்தாள். கண் இரண்டும் ததும்பி நின்றன. வழிந்துவிடக் கூடாது என்று முகத்தை அண்ணாந்து வைத்திருந்தாள். கையில் போனை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

பெரியதம்பி அவளிடம் போனார். "தொண்ட எப்படிம்மா இருக்குது? ஒரே ஒரு குரல் குடு, போதும். வாசலுக்கு வந்துடுச்சு மழை."

அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

கூட்டத்தில் ஒருத்தன், "பாவிய எங்க தேடுறது, இதோ வாசல்லயே நிக்குது" என்றான்.

அவ்வளவுதான், எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "எவன்டா அவன்?" என்று பாடைக்கு முன்னால் போய் நின்றேன். "அவளுக்குத் தொண்டயும் கட்டல, ஒண்ணும் கட்டல. புளுகுனது நான். அவ வூட்டுக்காரன் கடல்ல மாட்டிக்கினு இருக்கான், ஒரு தகவலும் இல்ல. அவ அழுதா மழை வரும்னு நீங்கதானே சொல்லிச் சொல்லி வச்சீங்க? அதான் வாயப் பொத்திக்கினு நிக்கிறா. புருஷனுக்காகக்கூட அழ முடியாம நிக்கிறாடா!"

மேளக்காரன் தானாக நிறுத்தினான். செண்பகம் பூமாலையிடம் ஓடி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். பாடையை நடுவழியில் இறக்கக் கூடாது என்பார்கள். பெரியதம்பியே, "எறக்குங்கப்பா" என்றார். பொம்மையைத் தரையில் வைத்துவிட்டு எல்லோரும் அவள் போனையே பார்த்துக்கொண்டு நின்றோம். காற்று மட்டும் வைக்கோலைப் பிய்த்துக்கொண்டிருந்தது. தன் கஷாயத்தை நினைத்தோ என்னவோ, பெரியதம்பி தலை நிமிரவில்லை.

எவ்வளவு நேரம் நின்றோமோ, அவள் கையிலிருந்த போன் அடித்தது. தெரியாத நம்பர். அவளுக்கு விரல் ஓடவில்லை. நான்தான் அழுத்தி, சத்தத்தைக் கூட்டி அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"பூமால, நான்தான்டி" என்றது அன்புச்செல்வன் குரல். "காரைக்கால்ல ஒதுங்கிட்டோம். வாக்கி டாக்கி தண்ணி பூந்து போச்சு. என் போனும் போச்சு, இது டீக்கடக்காரரு போனு."

பூமாலை வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள். "தரையிலயா நிக்கிற, மாமா?"

"தரையிலதான்."

"போட்டுல இல்லயே? போட்டுல இருந்துக்கினு எனக்காகப் பொய் சொல்லலயே?"

"டீக்கடயில நின்னுக்கினு டீ குடிக்கிறேன்டி. சத்தியமா."

"எல்லாருமே எறங்கிட்டீங்களா?"

"எல்லாரும்தான்."

அவள் அப்படியே தெருவில் உட்கார்ந்தாள். வயிற்றில் ஒரு அறை, மாரில் ஒரு அறை. அதற்கப்புறம் எழுந்த குரலை ஒப்பாரி என்று சொல்ல முடியாது. அதில் பாட்டு இல்லை, ராகம் இல்லை. நாள்கணக்கில் தேக்கி வைத்ததெல்லாம் மடை உடைந்த மாதிரி வந்தது. செண்பகம் அவளைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள், நிஜமாகவே. மேளக்காரன் அழுதான். பாவி என்று சொன்னவன் கூட்டத்துக்குப் பின்னால் போய்க் கண்ணைத் துடைத்தான். என் கையிலும் கன்னத்திலும் இரண்டு சொட்டு விழுந்த மாதிரி இருந்தது. மழையாக இருக்கலாம். அங்கே ஒருத்தரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

போன் இன்னும் என் கையில்தான் இருந்தது. காதில் வைத்து, நான்தான் பேசுகிறேன் என்றதும் அன்புச்செல்வன் அந்தப் பக்கம் அலறினான். "அக்கா, இன்னாக்கா இது, ஊரே அழுவுது? யாரு செத்துட்டாங்கக்கா?"

"யாரும் சாவல தம்பி" என்றேன். "நீ டீயக் குடி. அவ அழுது முடிக்கட்டும்."