நிறம் மாறாத தண்ணீர்

விடியுமுன் தண்ணீர் டேங்கின் அறுபத்திரண்டு படி ஏற வேண்டும். ஒரு கை ஏணியின் இரும்புக் கம்பியில், மறு கையில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளிய வைத்த வாளி. கீழ்வேளூர் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் அருள்ஜோதி ஐந்து வருஷமாக டேங்க் ஆபரேட்டர். கரைசலை ஊற்றும்போது நெடி ஏறிக் கண் எரியும். முந்தானையால் துடைத்துக்கொண்டே ஊற்றுவாள். இரண்டு மாதமாக அந்த எரிச்சலே இல்லை. வாளியில் சுண்ணாம்புத் தண்ணீர்தான் இருந்தது.

குழாய்த் தண்ணீரில் சோதனை மருந்து இரண்டு சொட்டு விட்டால் மஞ்சளாக வேண்டும். ஆகவில்லை. குளோரின் இல்லை, கிருமி சாகவில்லை என்று அர்த்தம். பவுடர் சப்ளை செய்யும் ஒப்பந்தக்காரர் துரைராசுவிடம் அன்றே சொன்னாள்.

“புது மூட்டை வந்துக்கிட்டே இருக்கும்மா. அதுவரைக்கும் நோட்டுல எப்பவும்போல குளோரின் பாயின்ட் ரெண்டுன்னு எழுதிடு. அண்ணன் மேல நம்பிக்கை இல்லையா?”

இருந்தது. இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். தினமும் எழுதினாள். அங்கேதான் மோசம் போனாள்.

மூட்டை வரவில்லை, மஞ்சள் காமாலை வந்தது. தெருவுக்கு நாலு பேர் படுத்தார்கள். புருஷன் படுக்கையில் விழுந்த ஆத்திரத்தில் பக்கத்துத் தெரு வள்ளியம்மை வந்து அருள்ஜோதி வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள்.

பஞ்சாயத்து அலுவலகத்தில் துரைராசு நோட்டை விரித்துக் காட்டினார்.

“பவுடர் கெட்டுப்போயிருந்தா பாயின்ட் ரெண்டு எப்படி வரும்? இந்தப் பொம்பள போடாமலே எழுதியிருக்கு.”

“நீங்கதானே எழுதச் சொன்னீங்க, அண்ணே?”

“நானா? கையெழுத்து யாருது?”

அவளுடையதுதான். பாவி, கூடப்பிறந்தவன் போலப் பேசியே கழுத்தை அறுத்துவிட்டானே. மறுநாள் கிராம சபையில் அவளை நீக்கத் தீர்மானம் என்றார் தலைவர்.

சாயங்காலம் பக்கத்து ஊர் ஆபரேட்டர் மீரா உசேன் தேடி வந்தார்.

“எங்க அஞ்சு ஊருக்கும் அதே மூட்டைதாம்மா. நானும் பொய்தான் எழுதியிருக்கேன். நாளைக்கு நாங்க அஞ்சு பேரும் வர்றோம்.”

“சொன்னா உங்க வேலையும் போயிடுமே.”

“போகட்டும். சொல்லலன்னா அடுத்து எங்க ஊரு படுக்கும்.”

சபையில் ஆறு பேரும் நோட்டும் கையுமாக எழுந்து நின்றார்கள். துரைராசு சிரித்தார்.

“கூட்டு சேர்ந்துட்டீங்களா? ஆறு பேருக்கும் வேலை வேணாமா?”

“பொய் எழுதினது என் தப்பு. அதுக்கு என்ன தண்டனைன்னாலும் கொடுங்க. ஆனா ஒருநாள்கூடப் பவுடர் போடாம இருந்ததில்ல,” என்றாள் அருள்ஜோதி.

அலுவலகத்தில் இருந்த துரைராசுவின் பவுடர் மூட்டையை மீரா உசேன் எல்லார் முன்னாலும் பிரித்தார். கரைத்து, தெளிய வைத்து, சொட்டு விட்டார்கள். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. துரைராசு மெல்ல மூட்டையின் பக்கம் நகர்ந்தார்.

“அதுல கை வைக்காதீங்க,” என்று எழுந்தாள் வள்ளியம்மை. “பெரிய ஆபீசரு வந்து சோதிக்கட்டும். அதுவரைக்கும் இது இங்கேதான் இருக்கும்.”

“இன்னிக்கி லீவும்மா. யாரும் வர மாட்டாங்க,” என்றார் தலைவர்.

“நாளைக்கு வரட்டும். நாங்க இருக்கோம்,” என்றாள் அருள்ஜோதி.

மூட்டையைச் சுற்றி ஆறு பேரும் உட்கார்ந்தார்கள். வள்ளியம்மை வந்து அருள்ஜோதியை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. பின்னாலேயே அவள் தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வர, உட்கார்ந்திருந்தவர்கள் நெருங்கி இடம் விட்டார்கள்.