அரை விரல் நீள நீலக் கம்பளி

நார்வேயில் பெர்கன் நகரத்துக்குப் பக்கத்துக் கடலோர ஊர் அது. செவ்வாய்க்கிழமைதோறும் தேவாலயக் கூடத்தில் பின்னல்காரப் பெண்கள் கூடுவார்கள். மிஞ்சிய கம்பளி நூலையும் ரிப்பன் துண்டுகளையும் குச்சியில் முடிந்து, உள்ளங்கை அகலத்தில் சுவரில் மாட்டும் தொங்கல்கள் செய்வார்கள். கிறிஸ்துமஸ் சந்தையில் தோருன் செய்தவைதான் முதலில் விற்றுப்போகும்.

"எங்கடி பிடிக்கிற இவ்வளவு குட்டித் துண்டா? எலி கடிச்சுப் போட்டுச்சா?" என்று ஒருத்தி கேட்க, கூடமே சிரித்தது. தோருனும் சிரித்தாள். வீங்கிய சுண்டுவிரலை மட்டும் மேசைக்கடியில் மறைத்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுக் குட்னி சிரிக்கவில்லை. தோருனின் தொங்கலில் முடிந்திருந்த கம்பளித் துண்டுகளின் நீலம், குட்னியே தன் கையால் சாயச் சட்டியில் முக்கியெடுத்த நீலம். போன குளிருக்குத் தோருனுக்கென்று ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தாளே, அது.

பழைய ஸ்வெட்டரை அந்த ஊரில் எவளும் வெட்ட மாட்டாள். பிரித்து நூலைச் சுற்றி வைப்பாள். பிரித்த நூல் நீளமாய், நெளிநெளியாய் இருக்கும். இதுவோ அரை விரல் நீளம். முனையெல்லாம் கத்தரிகோல் வெட்டு.

"என்னடி இது?" என்று குனிந்து கேட்டாள்.

"பூச்சி அரிச்சுடுச்சு, குட்னி."

அந்தப் பூச்சிக்குக் கத்தரிகோல் பிடிக்கத் தெரியும். அதன் பெயர் ஆர்விட், தோருனின் கணவன். அவள் ஆசையாய் உடுத்துவதை அவன் வெட்டி எறிவான்; அவள் பொறுக்கிக் குச்சியில் முடிவாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே பலகைச் சுவர். அடி விழும் சத்தம் கேட்டால் குட்னி ரேடியோவை உரக்க வைப்பாள். அடுத்த வீட்டில் மூக்கை நுழைக்காததே மரியாதை என்று வளர்ந்தவள் அவள்.

அன்று மாலை உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருக்கையில் சுவர் அதிர்ந்தது. அலமாரியில் கோப்பைகள் குலுங்கின. தோருனின் அலறல் பாதியில் அறுந்தது.

குட்னியின் கை பழக்கத்தில் ரேடியோவுக்குப் போனது. நீலத் துண்டுகள் கண்ணில் வந்து நின்றன. ரேடியோவை விட்டுவிட்டுப் போலீசுக்குப் போன் செய்தாள். இரும்பு வாணலியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

நெற்றியில் ரத்தம் வழிய, தோருன் தரையில் குப்புறக் கிடந்தாள். அவள் முதுகில் முழங்காலை ஊன்றி, சந்தைக்கென வைத்திருந்த சிவப்பு ரிப்பனை அவள் கழுத்தில் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தான் ஆர்விட்.

குட்னி அவன் மணிக்கட்டில் வாணலியை ஓங்கி இறக்கினாள். எலும்பு முறியும் சத்தம் கேட்டது.

"வெளிய போங்க குட்னியக்கா! இது எங்க வீட்டு விஷயம்!" என்று ஊளையிட்டான்.

"சுவர்ல பாதி என்னோடதுடா! கிட்ட வந்த, அடுத்தது மண்டைதான்."

கழுத்து ரிப்பனை அவிழ்த்துவிட்டாள். தோருன் இருமி இருமி மூச்சை மீட்டாள்.

"இத்தனை நாளும்... உனக்குக் கேட்டுச்சா குட்னி?"

வாசலில் போலீஸ் வண்டி வந்து நின்றது. குட்னி கதவை அகலத் திறந்துவிட்டாள்.

"கேட்டுச்சுடி. எல்லாம் கேட்டுச்சு. அவன் ஒரு கையால அடிச்சான்னா, இன்னொரு கை என்னோடது. அடி விழுற சத்தம் கேட்டும் கதவத் தட்டாதவ, அடிக்கிறவனுக்குத்தான் கை கொடுக்கிறா."